புகையின் சரித்திரம்

பழைய தஞ்சை ஜில்லாவில் எதற்குத்தான் கணக்கு இல்லை? எந்தக் கோயிலுக்கு எத்தனை வேலி நிலம், எந்த நந்தா விளக்குக்கு எத்தனை ஆடு, அந்த விளக்குக்கு நாள் ஒன்றுக்கு எத்தனை உழக்கு நெய் என்றெல்லாம் சோழர் காலத்திலேயே கல்லில் வெட்டி வைத்துவிட்டார்கள். பின்னால் வெள்ளைக்காரர் வந்தார்கள். வயலுக்கு வயல் சர்வே நம்பர் கொடுத்தார்கள். தாலுகாக் கச்சேரிகளில் மழைமானி வைத்து, எத்தனை அங்குலம் பெய்தது என்று தினமும் குறித்துக்கொண்டார்கள். மழையின் மேல் அவர்களுக்கு இருந்த பிரியத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மழை பெய்தால் நெல் விளையும்; நெல் விளைந்தால் கிஸ்தி வசூலாகும். ஆனால் காற்றுக்கு வரி கிடையாது. ஆகவே காற்றுக்குக் கணக்கும் கிடையாது.

நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூருக்குப் போகிற ரயிலில் ஏறினால் வழியில் கீழ்வேளூர் வரும். தேவாரப் பாடல் பெற்ற தலம். கேடிலியப்பர் கோயில் மாடக்கோயில்களில் ஒன்று. ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் வயல். கிழக்கே கொஞ்ச தூரத்தில் கடல். சாயங்காலமானால் கடற்காற்று வந்துவிடும். இப்படிப்பட்ட ஊரில் நின்றுகொண்டு, "1960-இல் இங்கே காற்று எப்படி இருந்தது?" என்று ஒருவர் கேட்டால், கேட்டவரைத்தான் எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். காற்று காற்றாகத்தான் இருந்தது, வேறு எப்படி இருக்கும்?

ஆனால் இந்தக் கேள்வி வேடிக்கைக் கேள்வி அல்ல. மார்நோயும் இருதய நோயும் நேற்றுச் சுவாசித்த காற்றினால் இன்று காலை வந்துவிடுவதில்லை. இருபது வருஷம், முப்பது வருஷம் உள்ளே போன புகை, மெள்ள மெள்ளத் தன் வேலையைச் செய்கிறது. இன்று அறுபது வயதில் நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிற ஓர் அம்மாளின் நோய்க்குக் காரணம் தேட வேண்டுமானால், அவர் பத்து வயதுச் சிறுமியாக அடுப்படியில் உட்கார்ந்திருந்த காலத்துக்குப் போகவேண்டும். அப்போது யாரும் அளக்கவில்லை. அளக்காத ஒன்றைப் பற்றி இப்போது எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வியைத்தான் சென்ற இருபது வருஷங்களாக விஞ்ஞானிகள் ஒரு புது விதமான யந்திரத்திடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சரித்திரக்காரனுக்குச் சாட்சிகளில் இரண்டு வகை உண்டு. சாட்சி சொல்ல வேண்டும் என்றே வந்து நிற்பவர்கள் ஒரு வகை. கல்வெட்டும் மெய்க்கீர்த்தியும் அந்த ஜாதி. தாம் சாட்சி சொல்லுகிறோம் என்று தெரியாமலே சொல்லிவிடுகிறவர்கள் மற்றொரு வகை. உடைந்த பானை ஓடு, செல்லாக் காசு, கடைக்காரனுடைய கடன் நோட்டு எல்லாம் இந்த இரண்டாம் வகை. இரண்டாம் வகைச் சாட்சிகளுக்குப் பொய் சொல்லச் சந்தர்ப்பம் குறைவு. காற்றின் சரித்திரத்துக்கு இவர்களை விட்டால் வேறு கதி இல்லை.

அமெரிக்காவில் இரண்டு இளைஞர்கள் இப்படி ஒரு சாட்சியைக் கண்டுபிடித்தார்கள். காட்சிச்சாலைகளில் பாடம் செய்து பெட்டிக்குள் வைத்திருந்த பறவைகள். ஆலைகள் நிறைந்த பிரதேசத்தில் பிடித்த பறவைகளின் வெள்ளை வயிற்றில் நிலக்கரிப் புகையின் கரி படிந்திருந்தது. பறவைகள் வருஷத்துக்கு ஒரு முறை இறகு உதிர்ப்பவை. ஆகையால் ஒரு பறவையின் மேல் இருப்பது அந்த ஒரு வருஷத்து அழுக்கு. 135 வருஷத்தில் சேர்ந்த, ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட பறவைகளை வரிசையாக வைத்துப் பார்த்து, இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் அந்த ஊர்களின் காற்று முன்பு நினைத்ததைவிட மோசமாக இருந்தது என்று 2017-இல் எழுதினார்கள். 2023-இல் வேறு இருவர், டர்னர், மோனே ஆகிய சித்திரக்காரர்களின் சுமார் நூறு படங்களை எடுத்துக்கொண்டு, படத்தில் உருவங்கள் மங்கிக்கொண்டு வருவதற்கும் லண்டனிலும் பாரிஸிலும் புகை பெருகியதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று காட்டினார்கள். கலைஞன் தன் கற்பனையை வரைந்ததாக நினைத்தோம். ஊர்ப் புகையும் அதில் கொஞ்சம் கலந்திருக்கிறது.

நம் கீழ்வேளூருக்கு மோனே வரவில்லை. நம் ஊர்க் கொக்கைப் பாடம் செய்து யாரும் பெட்டியில் வைக்கவும் இல்லை. நம் நாட்டில் காற்றை அளக்கும் வழக்கமே தாமதமாகத்தான் வந்தது. 1952 டிசம்பரில் லண்டனில் ஐந்து நாள் புகைமூட்டம் கவிந்து ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அதன் பிறகே இங்கிலாந்தில் 1956-இல் சுத்தக் காற்றுச் சட்டம் வந்தது. இந்தியாவில் காற்றுச் சட்டம் 1981-இல் நிறைவேறியது. தேசம் முழுவதற்குமான அளவைத் திட்டம் 1984-இல் ஆக்ராவிலும் அன்பாராவிலுமாக ஏழே ஏழு நிலையங்களுடன் ஆரம்பமாயிற்று. ஒன்று தாஜ்மகால் இருக்கும் ஊர்; மற்றொன்று நிலக்கரியில் மின்சாரம் எடுக்கும் ஊர். பளிங்குக்கு வந்த அபாயம்தான் முதலில் கண்ணில் பட்டது. மனிதர்களின் நுரையீரல் அதற்கு அப்புறம்.

இங்கே பி.எம். 2.5 என்று அடிக்கடி வரப்போகிற ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு மைக்ரான். இரண்டரை மைக்ரானுக்கு உட்பட்ட தூசிகளுக்குத்தான் இந்தப் பெயர். தலைமயிரின் கனத்தில் முப்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். மூக்கில் உள்ள ரோமத்துக்கும் தொண்டையின் சளிக்கும் இது பிடிபடுவதில்லை. நேரே நுரையீரலின் அடிக்குப் போகிறது. ஒரு கன மீட்டர் காற்றில் இது எத்தனை மைக்ரோகிராம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. வருஷச் சராசரி 40-க்குள் இருக்கவேண்டும் என்று நம் சர்க்கார் 2009-இல் விதித்தது. உலக சுகாதார ஸ்தாபனமோ 2021-இல் 5-க்கு மேல் கூடாது என்று சொல்லிவிட்டது. ஆக, இந்தியாவில் இந்தத் தூசிக்கு ஒரு விதி ஏற்பட்டதே 2009-இல்தான். அதற்கு முந்திய வருஷங்கள் பெரும்பாலும் இருட்டு.

அந்த இருட்டுக்குள் ஒரு வெளிச்சம் மேலேயிருந்து வந்தது. 1999 டிசம்பரில் அமெரிக்கர்கள் டெர்ரா என்ற செயற்கைக் கோளை அனுப்பினார்கள். 2002 மே மாதத்தில் அக்வா போயிற்று. இவை பூமியைப் பார்த்துக்கொண்டே சுற்றுபவை. காற்றில் தூசி மிகுந்தால் சூரிய வெளிச்சம் வழியில் சிதறும். மேலேயிருந்து பார்த்தால் தரை மங்கலாகத் தெரியும். எவ்வளவு மங்கல் என்பதை இவை தினமும் குறித்து வைத்தன. தூசியைத் தேடி வந்த கோள்கள் அல்ல இவை மட்டும். கடல், காடு, மேகம் எல்லாவற்றையும் பார்த்தன. அந்தக் குறிப்பில் கீழ்வேளூரும் இருக்கிறது. அந்த ஊருக்கே தெரியாமல் அதன் ஆகாயத்துக்கு ஒரு தினசரிக் குறிப்பு 2000-லிருந்து எழுதப்பட்டு வந்திருக்கிறது.

ஆனால் ஆகாயத்தின் மங்கல் வேறு, மனிதன் மூக்கு இருக்கும் உயரத்தில் உள்ள தூசி வேறு. ஈரப்பதம் மிகுந்தால் கொஞ்சம் தூசியே நிறைய மங்கலைக் காட்டும். தூசி உயரத்தில் மிதந்தால் கீழே இருப்பவனுக்கு அவ்வளவு கெடுதல் இல்லை. ஆகையால் மங்கலைத் தூசியாக மாற்றிச் சொல்ல ஒரு துபாஷி வேண்டும். அந்தத் துபாஷிதான் நான் முதலில் சொன்ன யந்திரம். யந்திரம் என்றால் பல்சக்கரமும் எண்ணெயும் அல்ல. கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற ஒரு கணக்கு. 'மெஷின் லேர்னிங்' என்று சொல்கிறார்கள். கற்றுக்கொள்ளும் யந்திரம்.

அது எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பதை நம் ஊர் வழியிலேயே சொல்லலாம். அனுபவப்பட்ட மிராசுதார் ஒருவர் வரப்பில் நின்று பயிரைப் பார்க்கிறார். "மாவுக்கு எட்டுக் கலம் காணும்" என்கிறார். அறுத்து அடித்து அளந்தால் எட்டுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே வருகிறது. அவர் எந்தச் சூத்திரமும் படிக்கவில்லை. நாற்பது வருஷமாகக் கதிரைப் பார்த்திருக்கிறார். களத்தில் அளந்ததையும் பார்த்திருக்கிறார். கதிரின் கனம், நிறம், தண்ணீர் வந்த தேதி, புரட்டாசியில் பூச்சி விழுந்ததா இல்லையா என்பவற்றுக்கும் மரக்கால் கணக்குக்கும் உள்ள உறவு அவர் மனத்தில் தானாகப் படிந்துவிட்டது.

யந்திரமும் அப்படித்தான். தரையில் அளவை நிலையம் உள்ள இடங்களின் ஆயிரக்கணக்கான நாட்களை அதன் முன் வைக்கிறார்கள். அன்றைக்கு ஆகாயம் எவ்வளவு மங்கல், என்ன வெயில், என்ன ஈரம், காற்று எந்தத் திசை, பக்கத்தில் சாலை எத்தனை, வயல் எத்தனை, ஜனங்கள் எத்தனை. இவ்வளவும் ஒரு பக்கம். அன்று நிலையத்தில் அளந்த தூசி மறு பக்கம். யந்திரம் கேள்விகளாகப் பிரித்துக்கொண்டு போகிறது. ஈரம் இவ்வளவுக்கு மேலா? ஆம் என்றால், காற்று கடலிலிருந்தா? இல்லை என்றால், அறுவடைக் காலமா? கேள்விகள் கிளை கிளையாகப் பிரிந்து ஒரு மரம் போல் ஆகின்றன. கிளையின் நுனியில் ஒரு விடை தொங்குகிறது. ஒரு மரத்தை நம்பாமல், நூற்றுக்கணக்கான மரங்களை வளர்த்து எல்லாவற்றின் விடையையும் சராசரி எடுப்பதும் உண்டு. கலிபோர்னியாவில் பேராசிரியராக இருந்த லியோ பிரைமன் 2001-இல் இந்த முறையை எழுதியபோது இதற்குக் காடு என்றே பெயர் வைத்தார். பிறகு, நிலையமே இல்லாத ஊரின், அளக்காத ஒரு நாளின் விவரங்களைக் கொடுத்துக் கேட்டால், யந்திரம் ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறது.

நம் தேசத்துக்கு இப்படிப் படங்கள் தயாராகிவிட்டன. டில்லி ஐ.ஐ.டி.யில் சக்நிக் டே என்பவரின் குழுவினர், செயற்கைக் கோளையே பிரதானமாக நம்பி, 2000 முதல் 2019 வரை இந்தியாவை ஒரு கிலோமீட்டர்க் கட்டங்களாகப் பிரித்து, 2020-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 2024-இல் இந்தியாவையும் ஸ்வீடனையும் அமெரிக்காவையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், பல கற்கும் யந்திரங்களின் விடைகளை ஒன்றாகச் சேர்த்து, 2008 முதல் 2020 வரை ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் தொகை போட்டார்கள். அதே வருஷக் கடைசியில், இந்தக் கணக்கை ஜில்லாவாரி மரணக் கணக்குடன் பொருத்தியும் பார்த்துவிட்டார்கள். வருஷச் சராசரியில் 10 மைக்ரோகிராம் கூடினால் மரணம் நூற்றுக்கு 8.6 கூடுகிறது என்பது அவர்கள் கண்டது. இந்தியாவில் ஒரு பிரஜைகூட உலக ஸ்தாபனம் சொன்ன 5 என்ற எல்லைக்குள் வசிக்கவில்லை என்பது இன்னொன்று. ஒரு பிரஜைகூட இல்லை என்றால் கீழ்வேளூர்க்காரரும் அதில் சேர்த்திதான். கடற்காற்றும் வயல்வெளியும் அவரைத் தனியே ஒதுக்கிக் காப்பாற்றிவிடவில்லை.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இந்த யந்திரத்திடம் ஒரு தாயாதி பாவம் உண்டு. சரித்திர நாவல் எழுதுகிறவனும் இதையேதான் செய்கிறான். ஒரு செப்பேட்டில் ஒரு பெயர் இருக்கும். இருபது வருஷம் கழித்து இன்னொரு கல்வெட்டில் அதே பெயர் வரும். நடுவில் உள்ள இருபது வருஷத்தை அவன் நிரப்புகிறான். சிரிக்க வைக்கிறான், காதலிக்க வைக்கிறான், குதிரை ஏற்றுகிறான். வாசகர்களும் சந்தோஷமாக ஒப்புக்கொள்கிறார்கள். அவன் தப்பாக நிரப்பியதால் யாருக்கும் வைத்தியம் கெட்டுப்போனதில்லை.

யந்திரத்துக்கு அந்த சௌகரியம் இல்லை. அதன் கற்பனை வைத்தியசாலைக்கும் சட்டசபைக்கும் போகிறது. ஆகையால் அதற்கு ஒரு பரீட்சை உண்டு. நாவலாசிரியனுக்கு அப்படி ஒன்று இல்லாதது அவன் அதிர்ஷ்டம். அளவை தெரிந்த சில நிலையங்களை யந்திரத்தின் கண்ணில் படாமல் மறைத்து வைக்கிறார்கள். மற்ற இடங்களில் பாடம் படித்துக்கொண்ட பிறகு, மறைத்து வைத்த இடத்துக்கு விடை கேட்கிறார்கள். அது சொல்வதும் உண்மையில் அளந்ததும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்கிறார்கள். பாஸ் ஆனால்தான் மேலே போகலாம். இது நேர்மையான ஏற்பாடு. ஊகத்தை ஊகம் என்று சொல்லி, அதற்கு இவ்வளவு முன்பின் என்றும் சொல்லிவிடுவதில் தப்பே கிடையாது.

இருந்தாலும் கீழ்வேளூருக்கு என்று வரும்போது எனக்கு மூன்று சந்தேகங்கள் உண்டு. முதலாவது, மறைத்து வைத்த நிலையங்களும் நகரத்தில்தானே இருந்தன! அளவை நிலையங்களில் மிகப் பெரும்பாலானவை பட்டணங்களில் இருக்கின்றன. மாம்பலத்து மாணவனுக்கு மாம்பலத்துக் கேள்வித்தாளையே கொடுத்துப் பரீட்சை வைத்தால் அவன் தேறிவிடுவான். கீழ்வேளூர்க் கேள்வியை அவனிடம் யார் கேட்டார்கள்? மிராசுதார் உவமையையே எடுத்துக்கொண்டாலும், அவருடைய கண் தஞ்சாவூர் நெல்லில் பழகிய கண். அவரைக் கோதுமை வயலில் கொண்டுபோய் நிறுத்தினால் அவர் சொல்வதை அவரே அவ்வளவாக நம்பமாட்டார். யந்திரத்துக்கு அந்தக் கூச்சம் கிடையாது. கேட்டால் சொல்லும்.

இரண்டாவது சந்தேகம் மேகம். ஐப்பசி கார்த்திகையில் இந்தப் பக்கம் அடைமழை பிடித்தால் சூரியன் முகம் காட்ட நாள் ஆகும். மேகம் மூடிய ஆகாயத்தின் ஊடே செயற்கைக் கோளுக்குத் தரை தெரிவதில்லை. அந்த நாட்களின் மங்கலையும் வேறு ஒரு கணக்கினால் நிரப்பியாக வேண்டும். ஊகத்தின் மேல் ஊகம். இதில் ஒரு விசேஷம்: மழை வெளிக்காற்றைக் கழுவிவிடுகிறது என்பது வாஸ்தவம். ஆனால் அதே மழைநாளில்தான் விறகு ஈரமாக இருக்கும், கதவு சாத்தியிருக்கும், வீட்டுக்குள் புகை அதிகம்.

மூன்றாவது, நேரம். டெர்ரா என்ற கோள் பல வருஷம் காலை பத்தரை மணிக்கும், அக்வா பகல் ஒன்றரை மணிக்கும் நம் தலைக்கு மேல் கடந்தன. காலை பத்தரைக்குள் கிராமத்தில் சமையல் முடிந்து ஜனங்கள் நடவுக்குப் போயிருப்பார்கள். வெயில் ஏறினால் காற்று மேலே எழும்பிப் புகையைக் கலைத்துவிடும். விடியற்காலையிலும் விளக்கு வைக்கும் நேரத்திலும் ஊரின் மேல் கூரை கூரையாகப் புகை படர்ந்து, பனியோடு சேர்ந்து தாழ்ந்து நிற்கிறதே, அந்தப் புகையைக் கோள் நேரில் பார்க்கவே இல்லை. சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு விருந்தாளி வந்து, "இங்கே சமையலே நடப்பதில்லை போலிருக்கிறது" என்று சொன்ன கதை.

அடுப்படியைப் பற்றிக் கீழ்வேளூருக்கு அருகே ஒரு குடியானவர் வீட்டுப் பாட்டியிடம் ஒரு தடவை பேச்சுக் கொடுத்தேன். அந்த நாளில் புகை தொந்தரவாக இருந்ததா என்று கேட்டேன். "என்ன தம்பி கேக்குறீங்க? சோறு வேகணும்னா பொகை வராம இருக்குமா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "மழைக் காலத்துலதான் உசுரு போயிடும். ஈர வெறவு. ஊதி ஊதியே நெஞ்சு காஞ்சு போச்சு. கைப்புள்ளைய மடியில போட்டுக்கிட்டுத்தான் ஊதுவோம். வேற எங்க விடுறது?" என்றார். நான் குறித்துக்கொண்டது கைக்குழந்தையைத்தான். அந்தக் குழந்தைக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்.

வறட்டி, தென்னை மட்டை, உளுத்தஞ்செடி, சீமைக் கருவேல முள் என்று தஞ்சைத் தரணியின் அடுப்பு எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. நெல் அவிக்கும் மில்களில் உமி எரிந்தது. 1861-லிருந்து நாகப்பட்டினம் ரயில் பாதையில் எஞ்சின் கரிப் புகை விட்டுக்கொண்டு போயிற்று. 1993-இல் பனங்குடியில் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலை வந்தது. இவற்றில் எஞ்சினும் ஆலையும் சரித்திரப் புத்தகத்தில் இடம் பெற்றுவிட்டன. அடுப்பு இடம் பெறவில்லை. அதை ஊதியவர்கள் பெண்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் குறையை முதலில் கண்டவர்களில் ஒருவர் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்கர். 1980-களின் ஆரம்பத்தில் அவர் குஜராத்துக் கிராமங்களுக்கு வந்து, சமைக்கும் பெண்களின் உடம்பிலேயே கருவியை மாட்டி, அவர்கள் சுவாசிக்கும் காற்றை அளந்தார். வெளியே புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்த உலகத்தை அடுப்பங்கரைப் பக்கம் திருப்பியவர் அவர். நம் பக்கத்தில் சென்னை ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன் அந்த வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார். தமிழ்நாட்டில் நாலு ஜில்லாக்களில் 436 கிராமத்து வீடுகளில் அளந்து 2002-இல் வெளியிட்டார்கள். பிறகு ஆந்திரக் கிராமங்களில் அளந்தபோது ஒரு விஷயம் தெளிவாயிற்று. எதை எரிக்கிறார்கள், சமையலறை தனியாக இருக்கிறதா, வீட்டுக்குள்ளேயா வெளியேயா என்பது தெரிந்தால், புகை எவ்வளவு என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

இது சாதாரணச் செய்தி அல்ல. அந்தக் கேள்விகளைத்தான் 2001 ஜனத்தொகைக் கணக்கும் 2011 கணக்கும் வீடு வீடாகக் கேட்டிருக்கின்றன: விறகா, வறட்டியா, மண்ணெண்ணெயா, காஸா? சமையலறை உண்டா, இல்லையா? கேட்டவருக்கும் சொன்னவருக்கும் புகையைப் பற்றிய நினைப்பே இருந்திராது. ஆனால் காற்றின் சரித்திரத்துக்கு இதைவிடப் பெரிய கல்வெட்டு வேறு இல்லை. செயற்கைக் கோள் பார்க்கத் தவறிய அடுப்பை, ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கையில் பாரத்தை வைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்துவிட்டார்.

இனி நம் ஜில்லாவுக்கே வந்த ஒரு கதை. 2018-இல் ஒரு பெரிய பரிசோதனை ஆரம்பமாயிற்று. குவாதமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா என்று நாலு தேசங்களில் 3200 கர்ப்பிணிகள். இந்தியாவில் இதற்காக எடுத்துக்கொண்ட இடங்கள் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சிப் பகுதியும் நாகப்பட்டினம் ஜில்லாவும். பாதிப் பேருக்குப் பதினெட்டு மாதம் காஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசம். மற்றப் பாதி வழக்கம் போல விறகு. ஒரு முழு நாள் கருவியை உடம்பில் அணிந்துகொண்டு அந்தப் பெண்கள் தண்ணீர் எடுத்தார்கள், சமைத்தார்கள், தூங்கினார்கள். நாலு தேசத்துச் சராசரியில், விறகுப் பக்கம் 103 மைக்ரோகிராம். காஸ் பக்கம் 35. மூன்றில் இரண்டு பங்கு புகை போய்விட்டது.

குழந்தைகளின் எடை கூடியிருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். 2022-இல் வந்த முடிவு அப்படிச் சொல்லவில்லை. காஸ் பக்கத்துக் குழந்தைகளின் சராசரி 2921 கிராம்; விறகுப் பக்கத்துக் குழந்தைகள் 2898. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று விஞ்ஞானிகள் ஒப்புக்கொண்டார்கள். இதைப் படித்தவுடன், "பார்த்தாயா, புகையினால் ஒன்றுமில்லை" என்று சிலர் கிளம்பலாம். அது சரியல்ல. பல வருஷம் புகையிலேயே வளர்ந்த ஒரு பெண்ணுக்குக் கர்ப்பத்தின் நடுவில் காஸ் கொடுத்தால், பழைய வருஷங்களை அது அழித்துவிடுமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கு விடை வேண்டுமானால் அவளுடைய பழைய வருஷங்களின் கணக்கு வேண்டும். பழங்காற்றை ஏன் தேட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பதில் என்னிடம் இல்லை.

கீழ்வேளூர் தாலுகாவில் நின்றுகொண்டு புகையைப் பற்றிப் பேசுகிறவன், ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. இந்தத் தாலுகாவில்தான் கீழ்வெண்மணி இருக்கிறது. 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் சேரியில் ஒரு குடிசைக்குள் புகுந்துகொண்ட 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். நாளைக்கே யந்திரம் மேலும் கெட்டிக்காரத்தனம் அடைந்து, 1968-க்கும் இந்தத் தாலுகாவுக்கு ஒரு வருஷச் சராசரி போட்டுக் கொடுக்கலாம். அந்த இரவின் புகை அதில் தெரியாது. 366-ஆல் வகுத்த பிறகு ஒரு தசம ஸ்தானத்திலும் அது நிற்காது. சராசரி என்பது பொய் அல்ல. ஆனால் அது ஒன்றே உண்மையும் அல்ல. கோர்ட்டுக் கட்டும் பத்திரிகைச் செய்தியும் உயிர் தப்பியவர்களின் வாய்மொழியும்தான் அந்த இரவுக்குச் சாட்சி. யந்திரம் கணக்கை எழுதட்டும். நடந்ததை எழுத மனிதர்கள் வேண்டும்.

ஆகவே யந்திரத்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாட்சியே இல்லாத வழக்கில் அது ஒரு சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. இலட்சக்கணக்கான மரணங்களுக்கு ஒரு காரணத்தைச் சுட்டிக் காட்டியிருக்கிறது. ஆனால் அது தனக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் அளந்த இடங்களை வைத்துத்தான் அளக்காத இடங்களைச் சொல்கிறது. கிராமத்தில் யாராவது அளந்தால்தான் அதற்குக் கிராமம் தெரியும். அடுப்பங்கரையில் யாராவது உட்கார்ந்தால்தான் அதற்கு அடுப்பு தெரியும். தாலுகாக் கச்சேரியில் மழைமானி வைத்தது போல், தாலுகாவுக்கு இரண்டு கிராமத்தில் காற்றுமானி வைப்பது பெரிய செலவு இல்லை. வீடு வீடாகப் போய், முப்பது வருஷத்துக்கு முன் எந்த அடுப்பு, எந்த விறகு, எங்கே சமையல் என்று பாட்டிமார்களைக் கேட்டு எழுதிக்கொள்வதற்குச் செலவே இல்லை. நோட்டுப் புத்தகமும் பொறுமையும் போதும்.

காஸ் அடுப்பு வந்தாயிற்று. தமிழ்நாட்டில் 2007 வாக்கில் சர்க்காரே இலவசமாக வீடுகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தது. இன்று பத்து வயதாகும் பெண்ணுக்கு ஊதாங்குழல் என்றால் என்னவென்று காட்டித்தான் சொல்லவேண்டும். அது நல்ல காரியம். ஆனால் ஊதாங்குழலைப் பிடித்திருந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது. அவர்களைக் கேட்டு எழுதிக்கொள்ள இன்னும் சில வருஷம்தான் அவகாசம் உண்டு.